இரட்டைக் கண் கேமராவைத் திருப்பி அனுப்புதல் தொடர்பாக

சுங்கை கெலுபி தோட்டம்,
புக்கிட் பெலண்டோக்.
9 செப்டம்பர் 2024

பெருமதிப்பிற்குரிய மச்சான் மகேந்திரன் அவர்களின் சமூகத்திற்கு,

உங்கள் தங்கை பஞ்சாலையின் கணவன் ஹேமநாதன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், பஞ்சாலை சுகம், கேமரா பரம சுகம். தெமியாங்கில் நீங்களும் உங்கள் மனைவி, தங்கச்சி விமலாவும் சுகமா என்று தினமும் வாட்ஸ்அப்பில் விசாரித்துக்கொண்டிருந்தவன்தான் நான். பதின்மூன்று நாளாக என் செய்திகள் ஒற்றை டிக்கோடு நின்றுவிட்டன. உங்கள் முகம் இருந்த வட்டத்தில் யாரோ சாம்பல் நிற ஆள் ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். டெலிபோனில் ஏதோ கோளாறு என்று நினைத்து லுக்குட்டில் ஒரு கடையில் காட்டினேன். அந்தக் கடைப் பெண் ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு, "அங்கிள், போன் நல்லாத்தான் இருக்கு லா. அவருதான் உங்கள பிளாக் பண்ணிட்டாரு" என்றாள். அதனால்தான் இந்தத் தபால். தபாலைப் பிளாக் பண்ண இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

முப்பத்தைந்து வருடம் தோட்ட ஆபீசில் கிராணியாகக் கணக்கு எழுதி, எத்தனையோ பேருடைய மன்னிப்புக் கடிதங்களை வாங்கிக் கோப்பில் போட்டவன் நான். சொந்தமாக ஒன்று எழுதுவது இதுவே முதல் தடவை. ஆகவே விஷயத்தை நேரடியாகச் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் மகள் மோகனாவுக்கும் மாப்பிள்ளைக்கும் மறுவீட்டு விருந்து என்று ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எங்களுக்கு அழைப்பு வரவில்லை. என்னை அழைக்காதது நியாயம். ஆனால் பஞ்சாலை உங்கள் கூடப்பிறந்தவள், மோகனாவின் அத்தை. நான் செய்த தப்புக்கு அவள் வீட்டில் உட்கார்ந்திருப்பதா? அவள் வழக்கம்போல எனக்குக் காப்பி கலக்கிக் கொடுக்கிறாள், மச்சான். அதுதான் என்னைக் கொல்கிறது. அதனால் இந்தக் கடிதத்தோடு கேமராவையும் திருப்பி அனுப்புகிறேன். அதை வாங்கிக்கொண்டு அவளுக்கு ஒரு அழைப்புச் சொல்லுங்கள்.

கொடுத்தது நீங்கள்தான், மறுக்கவில்லை. தைப்பூசத்துக்கு மறுநாள், உங்கள் மாமனார் வைத்திருந்தது என்று அலமாரியிலிருந்து எடுத்து, "ஷோகேஸ்ல வையுங்க மச்சான், பாக்க அழகா இருக்கும்" என்று கொடுத்தீர்கள். ஷோகேஸிலா? வேலை செய்கிற ஒன்றையா? வீட்டுக்குக் கொண்டுவந்து தோலுறையைத் திறந்த அன்றைக்கே நான் சோறு தண்ணி மறந்துவிட்டேன். அறுபது வருடத்துக்கு முந்திய ஜெர்மன்காரன் கைவேலை. மேலே ஒரு கண், கீழே ஒரு கண். மேல்கண் நாம் பார்ப்பதற்கு, கீழ்க்கண் அது படம் பிடிப்பதற்கு. இவனுடைய வேலையில் அவன் தலையிடுவதில்லை. நம் ஆபீசில் இப்படி இரண்டு பேர் இருந்திருந்தால் தோட்டம் எங்கேயோ போயிருக்கும். பேட்டரி கிடையாது, சார்ஜ் கிடையாது. தலைமூடியை விரலால் தட்டினால் நாலு சுவரும் தானே எழுந்து நிற்கும், குனிந்து பார்த்தால் நடுவே படம் தெரிகிற கண்ணாடி. உள்ளே சின்ன பூதக்கண்ணாடி ஒன்று ஒளிந்திருக்கிறது, ஒரு அழுத்து அழுத்தினால் எகிறி வந்து நிற்கும். பக்கத்துக் குமிழைத் திருகினால் இரண்டு கண்ணும் ஒன்றாக முன்னே வரும், ஒன்றாகப் பின்னே போகும். நாம் ஆளிடம் கிட்டே போகப் போகக் கண்ணாடிக்கு உள்ளே ஒரு சட்டம் தானாக இறங்கி, தலை வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளும். படம் எடுக்கும்போது சத்தம் என்று சொல்லவே முடியாது, பல்லி உச்சுக் கொட்டுகிற மாதிரி ஒரு 'சிக்'. அவ்வளவுதான். பின்பக்கம் ஒரு தகட்டில் எந்த வெயிலுக்கு எவ்வளவு வெளிச்சம் விடவேண்டும் என்று அட்டவணை போட்டிருக்கிறான். பனி மூடிய மலை, கடற்கரை, காடு என்று எல்லாம் இருக்கிறது. நம் தோட்டத்துச் செம்பனை மரம் மட்டும் இல்லை. பாவம், அவனுக்குத் தெரியாது. நான் 'காடு' வரிசைக்கு எதிரே பென்சிலால் 'செம்பனை' என்று எழுதி வைத்திருக்கிறேன். தயவுசெய்து அதை அழிக்க வேண்டாம்.

ஆரம்பத்தில் சில சங்கடங்கள் நேர்ந்தது உண்மைதான். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய எங்கள் பழைய மண்டோர் முனியாண்டியை உங்களுக்குத் தெரியும். எழுபது வயது நிறைவுக்கு ஒரு நல்ல படம் வேண்டும் என்று கோட்டு, டை, மூக்குக்கண்ணாடி சகிதம் வந்தார். கேமராவுக்கு உள்ள மூடி இருக்கிறதே, அது இரண்டு கண்ணையும் சேர்த்து மூடுகிற இரட்டை மூடி, நடுவே ஒரு கீல். ஜெர்மன்காரன் எவ்வளவு யோசித்திருக்கிறான் பாருங்கள்! மேல்கண்ணைத் திறந்து கீழ்க்கண்ணை மூடி வைக்கிற மடையன் எங்காவது இருப்பான் என்று அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. ஆனால் அறுபது வருடத்தில் கீல் விட்டுப்போய் மூடி இரண்டாகிவிட்டது. நான் மேலே உள்ளதைக் கழற்றினேன். கண்ணாடியில் முனியாண்டி மீசை மயிர் மயிராகத் தெரிகிறது. கீழே ஒன்று மூடியே இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? மத்தியானம் மூன்று மணி வெயிலில் அவரை நிற்கவைத்து, உட்காரவைத்து, மல்லிகைச் செடி ஓரம் சாயவைத்துப் பன்னிரண்டு படமும் எடுத்து முடித்தேன். கோலாலம்பூரில் கழுவி வந்த பிலிம் துடைத்துவிட்ட ஜன்னல் போல இருந்தது. "என்னா கிராணி, பன்னண்டு தடவ மூச்சப் புடிச்சுக்கிட்டு நின்னேனே, ஒண்ணுலகூடவா நான் இல்ல?" என்று கேட்டார் மனிதர். பிறகு கீலைக் கம்பி போட்டுக் கட்டி, மறுபடியும் எடுத்துக் கொடுத்தேன். இப்போது அந்தப் படம் அவர் வீட்டு சாமி அறைக்கு வெளியே மாட்டியிருக்கிறது. உள்ளேயே மாட்டுவதாக இருந்தார், மனைவி தடுத்துவிட்டார்.

சரி, கல்யாணத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் இருபத்திரண்டு வருடம் கமிட்டிச் செயலாளராக இருந்தவன் நான். தாலி ஏறும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம், ஏறியபின் இடப்பக்கம். இதில் என் கண் எதிரே ஒரு கல்யாணத்திலும் பிசகு நடந்ததில்லை. நடக்க விட்டதுமில்லை. எதிரே நின்று பார்க்கிறவனுக்கு மாப்பிள்ளையின் இடப்பக்கம் என்பது நம் வலது கைப் பக்கம் வரும், இதுவும் மனப்பாடம். ஆனால் இந்தக் கேமராவின் கண்ணாடி இருக்கிறதே, அது இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் காட்டும். இது எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். அன்று காலையில்தான் பந்தலில் பத்துப் பேருக்கு, நீங்கள் உட்பட, இதை விளக்கிச் சொல்லியிருந்தேன். நீங்களும் பெரிய மனது பண்ணி, தாலி கட்டி முடிந்ததும் ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்தீர்கள்.

தாலி ஏறியது. மோகனா எழுந்து முறைப்படி இடம் மாறி உட்கார்ந்தாள். கேமராவை வயிற்றோடு அணைத்து, வெயில் மறைக்கிற வளையத்தைக் கால் திருகு திருகி மாட்டி, தலை குனிந்து பார்த்தேன். மச்சான், அந்தக் கண்ணாடியில் அவளைப் பார்த்திருக்க வேண்டும். ஆறு சென்டிமீட்டர் சதுரத்துக்குள் குத்துவிளக்கு, மாலை, மோகனாவின் மூக்குத்தி, அவ்வளவும் நிறத்தோடு மிதக்கிறது. கண் கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில் பார்த்தால், பெண் என் இடது கைப் பக்கம் இருக்கிறாள்! கேமராக்காரன் ஹேமநாதன் வாயைத் திறப்பதற்குள் கமிட்டிச் செயலாளர் ஹேமநாதன் முந்திக்கொண்டுவிட்டான்.

"மோகனா, எந்தப் பக்கம் உக்காந்திருக்க? தாலி ஏறிருச்சில்ல, அந்தப் பக்கம் மாறு!"

"மாமா, நான் சரியாத்தானே உக்காந்திருக்கேன்?"

"மாமா சொல்றேன்ல?"

பிள்ளை எழுந்து மாறினாள். கண்ணாடியில் இப்போதுதான் லட்சணமாக இருந்தது. சிரிக்கச் சொல்லலாம் என்று தலையை நிமிர்த்தினால், ஐயோ, மணப்பெண் தாலியைக் கட்டிக்கொண்டு வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள்! "ஏய், ஏய், பழையபடி மாறு!" என்றேன். மாறினாள். மாப்பிள்ளையின் வேட்டி நுனி அவள் காலடியில் சிக்கி, மாலையும் மாலையும் பின்னிக்கொண்டன. குனிந்து பார்த்தால் மறுபடியும் தப்பு! "இல்ல இல்ல, அங்க!" என்றேன். மூன்றாவது தடவை மாறினாள். சம்பந்தியம்மா உரக்கவே, "என்னங்க இது, தாலி கட்டுனது போதாதுன்னு நாக்காலி வெளையாட்டும் வச்சிருக்கீங்களா?" என்றார். நாதஸ்வரக்காரர் எந்த மாற்றத்துக்கு எதை வாசிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார். கடைசியில் ஐயர் எழுந்து வந்து மோகனாவைத் தானே கைகாட்டிச் சரியான இடத்தில் உட்காரவைத்து, "கிராணியாரே, மொதல்ல அந்தப் பொட்டிய மூடுங்க. இல்லன்னா நான் மறுபடியும் கணபதி ஹோமத்துல இருந்து ஆரம்பிக்கணும்" என்றார். அப்போது நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "மச்சான், இனிமே அத என் கண்ணுல காட்டாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பந்திப் பக்கம் போய்விட்டீர்கள்.

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கேட்டு, நடந்தது எப்படி என்று புரிவதற்காகச் சில விளக்கப் படங்களும் அனுப்பினேன். மறுநாளும் அனுப்பினேன். அதற்கடுத்த நாளிலிருந்து ஒற்றை டிக்.

அன்று முதல் எனக்கு வீட்டில் நிமிர்ந்து நடக்க மனமில்லை. பஞ்சாலை முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்கு அண்ணன் வீடு இல்லாமல் பண்ணிவிட்டோமே என்று இருக்கிறது. என்னால் முடிந்த பிராயச்சித்தமாகப் பாத்திரம் கழுவுகிறேன், துணி காயப்போடுகிறேன், நேற்று வெண்டைக்காய்கூட நறுக்கினேன். ஆனால் இதெல்லாம் ஒரு அண்ணனுக்கு ஈடாகுமா? ஆகவே இன்று காலையில் குளித்துச் சாமி கும்பிட்டுக் கேமராவை என் பழைய சால்வையில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைத்தேன். கூடவே தோலுறை, கம்பி கட்டிய மூடி, வெயில் வளையம், மஞ்சள் கண்ணாடி வில்லை, கிட்டத்தில் எடுக்கிற ஜோடி வில்லை. அந்த ஜோடியில் தடியாக இருப்பது மேல்கண்ணுக்கு, சிவப்புப் புள்ளி மேலே வரவேண்டும். மாற்றிப் போட்டுவிடாதீர்கள். வாரத்துக்கு ஒரு தடவையாவது கைப்பிடியைச் சுற்றி வெறும் 'சிக்' கேட்டுவிட்டு வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே எண்ணெய் இறுகிவிடும். கறுப்பு வண்ணத்தைத் துணியால் தேய்க்க வேண்டாம், வாயால் ஊதினால் போதும். ஷோகேஸில் வைப்பதென்றாலும் வெளியே பார்த்து வையுங்கள். அதற்குப் பார்க்கத்தான் பிடிக்கும். பெட்டியை ஒட்டியதில் பசை நாடா கோணலாகப் போயிருந்தால் மன்னிக்கவும்.

மோகனாவும் மாப்பிள்ளையும் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நூறு வருடம் சேர்ந்தே உட்கார்ந்திருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். தங்கச்சி விமலாவுக்கு என் அன்பு. உங்கள் முழங்கால் வலி குறைய வேண்டுகிறேன். பஞ்சாலையை மட்டுமாவது அழையுங்கள். நான் வாசலில் இறக்கிவிட்டு மோட்டாரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
தலைகுனிந்த மைத்துனன்,
ஹேமநாதன்

பி.கு.: அண்ணே, இது பஞ்சாலை எழுதுறது. தபால்ல போட்டுட்டு வான்னு எங்கிட்டதான் குடுத்தாரு, அதனால படிச்சுட்டேன். விருந்துக்கு அண்ணி எனக்குப் போன வியாழக்கெழமையே போன் பண்ணிட்டாங்க, ரெண்டு பேரும் பதினோரு மணிக்கெல்லாம் வந்துருவோம். அவருகிட்ட நான் இன்னும் சொல்லல. சொன்னா பாத்திரம் கழுவுறத நிறுத்திருவாரு. நீங்க கல்யாணத்தன்னிக்கு பந்தியில போயி வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சத அண்ணி சொன்னாங்க. கண்ணுல காட்டாதீங்கன்னு நீங்க சொன்ன அன்னிக்கே அந்தக் கேமராவ முன்னாடி, பின்னாடி, தலகீழான்னு இருபத்தாறு படம் அனுப்பி, மறுநாள் வெடிகாலையில எந்திரிச்சு இன்னும் முப்பது அனுப்புனா யாருதான் பிளாக் பண்ண மாட்டாங்க? அதையும் நான் சொல்லல. பெட்டியில கேமரா இல்ல, நான் எடுத்து அரிசி டின்னுக்குப் பின்னாடி வச்சிருக்கேன். உள்ள இருக்குறது முறுக்கு, மோகனாவுக்குக் குடுங்க. அண்ணே, ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. எங்களுக்குக் கல்யாணமாகி நாப்பத்தோரு வருசம் ஆவுது. இந்த மனுசன் என்னை வெளிச்சத்துல உக்கார வச்சு, "கொஞ்சம் இரு பஞ்சால, அசையாத"ன்னு சொல்லி அஞ்சு நிமிசம் முழுசாப் பாத்தது அந்தக் கேமரா வீட்டுக்கு வந்த பொறகுதான். அத மட்டும் திருப்பி வாங்கிக்காதீங்க.