ஆஃப்சைடு கிராணியாரும் அந்த வருடத்துக் கோப்பையும்

ரக்பி ஆட்டத்தை உலகத்திலேயே அதிகமாக நேசித்தவரும் அதைப் பற்றி மிகக் குறைவாகத் தெரிந்துவைத்திருந்தவரும் ஒரே ஆள்தான். மலாக்காவில், காஜா பேராங்கில், வாடகை வீடு ஒன்றில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. அதாவது துரைக்கு அடுத்தபடியாக எங்களைத் திட்டும் உரிமை பெற்றவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் ஆஃப்சைடு கிராணியார்.

ரக்பி விதிகளில் அவருக்குத் தெரிந்தது அந்த ஒரு சொல்: ஆட்டக்காரர் நிற்கக் கூடாத இடத்தில் நின்றால் நடுவர் சொல்வது. பொருள் அவருக்குத் தெரியுமா என்று கேட்கும் துணிச்சல் யாருக்கும் வரவில்லை. கோப்பு மேசை மாறிக் கிடந்தால், "ஆஃப்சைடு!" தேநீரில் சீனி குறைந்தால், "ஆஃப்சைடு!" ஒருமுறை கோயிலில் பொங்கல் வரிசைக்குள் குறுக்கே புகுந்த நகைக்கடை முதலாளியைப் பார்த்து அவர் போட்ட சத்தத்தில், அர்ச்சகர் மணியடிப்பதை நிறுத்திவிட்டுத் தாமும் ஓரடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

நான் அப்போது சின்ன கிராணி. மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிது. வெள்ளைக்கார அதிகாரிகள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். வருடாவருடம் எங்கள் வட்டாரத்தில் ரக்பிக் கோப்பைப் போட்டி நடக்கும். ஒரு ஆட்டத்தில் தோற்றால் அதோடு வீட்டுக்குப் போகலாம். இரண்டாவது வாய்ப்பெல்லாம் கிடையாது. எங்கள் அலுவலக அணியில் ஆடுவதெல்லாம் துரைமார்களே. நாங்கள் எலுமிச்சம்பழம் வெட்டிக் கொடுப்போம், கை தட்டுவோம், அடிபட்ட துரையைத் தூக்கி வருவோம். இவற்றில் எங்களை மிஞ்ச எந்த அணியாலும் முடிந்ததில்லை.

அந்த வருடம் எங்கள் துரை கிராணியாரைக் கூப்பிட்டார். "அணியைக் கலைத்துவிடலாம். ஆடுகிறவர்கள் எல்லாம் ஊருக்குப் போயாயிற்று. நான் புறப்படும்வரை தோட்டத்துரைமார் அணியில் ஆடப்போகிறேன். உங்கள் ஆட்களுக்கு இந்த ஆட்டம் சரிவராது. கேரம் ஆடுங்களேன், அதுவும் நல்ல ஆட்டம்தான்" என்றார் ஆங்கிலத்தில்.

தம் உத்தியோக வாழ்க்கை முழுவதும் "யெஸ் சார்" மட்டுமே சொல்லிவந்த கிராணியார், "நோ சார்" என்றார். சொன்னது யார் என்று அவரே ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார்.

துரை சிரித்தார். "ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பதினைந்து பேரைக் களத்தில் நிறுத்த வேண்டும். ஒருவர் குறைந்தாலும் அணியை நீக்கிவிடுவார்கள். முடியுமா?"

"பதினஞ்சு பேரும் நிப்பாங்க, சார்."

அன்று மாலை நடந்த ஆள் பிடிப்பு, சயாம் ரயில் பாதை போட ஆள் பிடித்த ஜப்பான்காரன் காலத்தை நினைவுபடுத்தியது. பாதி அலுவலகம் பின்வாசல் வழியாக ஓடிவிட்டது. நான் கழிப்பறையில் ஒளிந்தேன். கிராணியார் கதவைத் தட்டவில்லை. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறமும் ஆள் போதவில்லை. ஜாலான் பெண்டஹாராவில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த காசிம் பாயையும் சேர்த்துக்கொண்டார்.

"ஐயா, அவரு நம்ம ஆபீஸ் ஆளு இல்லையே?" என்றேன்.

"நம்ம ஆபீஸ் சன்னலுக்குத் திரைத்துணி எங்கேருந்து வந்துச்சு?"

"பாய் கடையிலேருந்து."

"அப்ப ஆபீஸ் ஆளுதான். போ, ஓடு."

உண்மையிலேயே ஓடத் தெரிந்தவர் ஒருவர்தான்: எங்கள் பண்டகசாலையில் இருந்த நைக்கர். மலாக்காச் செட்டிகள் தலைமுறை தலைமுறையாக வாழும் கம்போங் சிட்டியில் பிறந்தவர். வீட்டில் அவர்கள் பேசுவது ஒரு மாதிரி மலாய். தமிழில் சாமி பெயர்களும் பலகாரங்களும் மட்டும் தெரியும். இந்தக் குறையால்தான் அவர் தப்பித்தார். ஏனென்றால் கிராணியாரின் பயிற்சி முழுக்கத் தமிழில் நடந்தது.

பாடாங் திடலில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பந்தைப் பின்னால்தான் கொடுக்க வேண்டும், முன்னால் கொடுத்தால் குற்றம் என்று யாரோ சொல்லிக் கொடுத்தார்கள். அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அதைத் தனியாகப் பழக வேண்டியதில்லை. மற்ற பாடமெல்லாம் கிராணியாரின் சொந்தக் கண்டுபிடிப்பு.

"பந்து வந்தா யோசி! யோசிச்சிப் புடி! புடிச்சிட்டு மறுபடியும் யோசி!"

நாங்கள் யோசித்தோம். யோசித்து முடிப்பதற்குள் எங்கள் மேல் நாலு பேர் படுத்திருப்பார்கள். நைக்கர் மட்டும் "பாய்க், பாய்க்" என்று மலாயில் சரி சொல்லிச் சிரித்துத் தலையாட்டிவிட்டு, பந்தை வாங்கிக்கொண்டு ஓடிப்போய்விடுவார்.

முதல் ஆட்டத்துக்கு எதிரணி வரவேயில்லை. அவர்கள் வந்த லோரி புக்கிட் ரம்பாயில் படுத்துவிட்டதாம். எங்களை வென்றவர்களாக அறிவித்தார்கள். கிராணியார் பையிலிருந்து ஒரு மாலையை எடுத்தார். போடுவதற்கு ஆள் தேடிப் பார்த்துவிட்டுத் தாமே தம் கழுத்தில் போட்டுக்கொண்டார். "எதிரிய நேரத்துக்கு வரவிடக் கூடாது. அதான் பிளான்" என்று பத்திரிகைக்காரர் யாரும் கேட்காமலே விளக்கினார்.

அடுத்தது கிளேபாங் அணி. நல்ல மழை. பாடாங் முழுக்கச் சேறு. யார் எந்த அணி என்று அவரவர் அம்மாவுக்கே தெரியாது. ஆட்டம் முடியும் தறுவாயில் நைக்கர் பந்தோடு புறப்பட்டார். நாலைந்து பேர் துரத்தினார்கள். கிராணியாருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. தம் ஆளைப் பார்த்தே, தொண்டை கிழிய, "ஆஃப்சைடு!" என்று கத்தினார்.

இருபது வருடம் கிராணிகளை மேய்த்த குரல். நடுவர்தான் சொல்லிவிட்டார் என்று துரத்தியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். நைக்கர் மட்டும் நிற்கவில்லை. கோட்டைத் தாண்டிப் பந்தைப் பத்திரமாகத் தரையில் வைத்தார். நடுவர், "நான் விசில் ஊதவே இல்லையே" என்று கையை விரித்து, எங்களுக்குப் புள்ளி கொடுத்தார். அந்தப் புள்ளிகளின் பலத்தில் நாங்கள் இறுதி ஆட்டத்துக்குப் போனோம். ஒரு சொல்லின் பொருள் தெரியாததால் இவ்வளவு பெரிய நன்மை விளைந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இறுதி ஆட்டம் தோட்டத்துரைமார்களோடு. எங்கள் துரையும் அந்தப் பக்கம் நின்றார். எங்கள் பக்கம் காசிம் பாயைக் காணோம். தீபாவளிக் கூட்டம், முதலாளி விடவில்லை என்று செய்தி வந்தது. நாங்கள் பதினான்கு பேர். நடுவர் கடிகாரத்தைப் பார்த்தார். துரை எங்களைப் பார்த்துப் புன்னகைத்தார்.

கிராணியார் குடையை மடக்கினார். யாருடைய காற்சட்டையையோ வாங்கி மாட்டினார். மூக்குக்கண்ணாடியைச் சப்பாத்துக் கயிற்றால் தலையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு களத்துக்குள் நடந்தார்.

"ஐயா, வேணாங்கய்யா. வயசு என்னாவுது!" என்றேன்.

"எண்ணிப் பாரு. பதினஞ்சு சரியா இருக்கா? அப்ப வாய மூடிட்டு ஆடு லா."

பந்து எட்டிப் பார்க்காத ஒரு மூலையில் அவரை நிறுத்திவைத்தோம். முதல் பாதி முழுவதும் அங்கே நின்று எங்களைத் திட்டினார். இரண்டாம் பாதியில் பந்துக்கு அவர்மேல் பிரியம் வந்துவிட்டது. வழுக்கி, துள்ளி, நேராக அவர் நெஞ்சில் போய் விழுந்தது. "ஓடுங்கய்யா!" என்று நாங்கள் கத்தினோம். "லாரி, என்சே, லாரி!" என்று நைக்கரும் தம் மொழியில் அதையே கத்தினார்.

ஆனால் கிராணியார் தம் பாடத்தை மறக்கவில்லை. யோசித்தார்.

துரை வந்து மோதிய சத்தம் பெஞ்சு உடைந்ததுபோலக் கேட்டது. ஆட்கள் எழுந்து விலகியபோது கிராணியார் சேற்றில் மல்லாந்து கிடந்தார். பந்து மட்டும் இடது கைக்குள் இருந்தது. வலது கை தொங்கியது. தூக்கி வெளியே கொண்டுபோகக் குனிந்தோம்.

"கைய எடு. காயம்பட்டா பதிலுக்கு ஆள் எறக்க முடியாது, தெரியுமில்ல? நான் போனா பதினாலு. பதினஞ்சுன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

அது ரக்பியில் அவர் சரியாகச் சொன்ன முதல் விதி. வலது கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஆட்டம் முடியும்வரை அந்த மூலையிலேயே நின்றார். முகம் சாம்பலாக இருந்தது. திட்டு மட்டும் குறையவில்லை.

தோற்றோம். எவ்வளவு வித்தியாசத்தில் என்று சொல்லமாட்டேன். புள்ளிப் பலகையில் எங்கள் பக்கத்து ஆள் வேலையில்லாமல் தூங்கிப்போனான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். துரை கை குலுக்க வந்தார். கிராணியார் இடது கையைக் கொடுத்தார். "அடுத்த வருஷமும் நாங்க பதினஞ்சு பேரு இருப்போம், சார். நீங்கதான் இருக்க மாட்டீங்க" என்று அழகான ஆங்கிலத்தில் சொன்னார். அதன் பிறகுதான் மயங்கி விழுந்தார்.

காறை எலும்பு முறிவு. கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு வருவதாக அடம்பிடித்தார். ஒற்றைக் கையால் சட்டை போட முடியாது. வீட்டில் வேறு ஆளும் கிடையாது. நாங்கள் யாரும் முறை வைத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் கட்டு அவிழும்வரை தினமும் காலையில் அந்த வாசலில் இரண்டு மூன்று பேராவது முட்டிக்கொண்டோம். நைக்கர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு வருவார். காசிம் பாய் குற்றவாளி முகத்தோடு வந்து நிற்பார். பொத்தான் போடுவது என் வேலை. கடைசிப் பொத்தானை வேண்டுமென்றே மாற்றிப் போடுவேன். அவிழ்த்துச் சரியாகப் போட்டு முடிக்கும்வரை, அவர் திட்டுவதை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம்.