பட்டுராஜாவும் கோடிப் புடவையும்

எனக்குப் புத்தி அதிகம் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. சிங்கப்பூரின் காத்தோங் பகுதியில் ஒரு கோயில் மண்டபத்தில், காலைப் பலகாரத்துக்கு முன்பே அது முடிந்துபோனது.

என் மாமனாருக்கு அறுபதாம் கல்யாணம். பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் மாமியார், ஆறு வருஷத்தில் எனக்குக் கொடுத்த அதிகபட்சச் சான்றிதழ் "பரவால்லலா". (அதுவும் நான் அவர் வீட்டு ஏசியைச் சரிசெய்த அன்று.) இந்த விசேஷத்தில் அவரை அசத்தியே தீருவது என்று கிளம்பினேன்.

பழம்புடவை சேகரிப்பவர்களின் இணைய ஏலக் குழு ஒன்றில் அந்தப் புடவையைப் பார்த்தேன். அரக்கு நிறக் காஞ்சிப் பட்டு. ஒரு பக்கம் பச்சைக் கரை, மறுபக்கம் நீலக் கரை. அரை நூற்றாண்டுப் பழசு, ஆனால் ஒருமுறைகூடக் கட்டாதது. விற்பவர் ஒரு சீனப் பெண்மணி.

ஏல வெற்றிக்கான தந்திரங்களை ஒரு வாரம் படித்தேன். ஆசையை வெளியே காட்டக் கூடாது. முந்திக்கொண்டு விலை கேட்கக் கூடாது. கடைசி நொடியில் பாய வேண்டும். ஆனால் ஏலம் தொடங்கும் முன்பே, 'குங்குமப்பூ' என்ற பெயரில் ஒருவர் படத்துக்குக் கீழே தமிழில் எழுதிவிட்டார்: "இந்தக் கரைக்குத்தான் எத்தனை வருஷமா அலையுறேன். விடமாட்டேன்!"

இவரை விலையால் ஜெயிக்க முடியாது என்று பட்டது. அதனால் படித்ததில் இல்லாத தந்திரம் ஒன்றை நானே கண்டுபிடித்தேன். 'பட்டுராஜா' என்ற பெயரில் (என்னதான் நினைப்போ எனக்கு!) கீழே ஒரு வரி போட்டேன்: "மடிப்பே கலையாத பழம்புடவையா? யாருக்காவது போட்ட கோடியா இருக்கப்போகுது."

துக்க வீட்டில் புருஷனை இழந்தவளுக்குப் போடும் துணி என்றால் எந்தத் தமிழ்ப் பெண் தொடுவாள்? "அய்யய்யோ, வேணாம் சாமி" என்று எழுதிவிட்டுக் குங்குமப்பூ ஓடியே போனார். மற்றவர்களும் ஒதுங்கினார்கள். தமிழ் தெரியாத அந்தச் சீனப் பெண்மணியோ நான் பாராட்டியதாக நினைத்து, என் வரிக்கு மூன்று இதயம் போட்டார். ஆரம்ப விலைக்கே புடவை எனக்கு வந்தது. அன்று முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

விசேஷத்தன்று மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும் பொட்டலத்தை நீட்டினேன். மாமியார் பிரித்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"மாலதி, இது யாரு வாங்குனது?"

"அவருதாம்மா, ஆசையா வாங்குனாரு" என்றாள் என் மனைவி.

"இது அந்தக் கோடிப் புடவைலா! நானே கேக்கலாம்னு இருந்தேன். பட்டுராஜான்னு ஒருத்தரு எழுதுனதப் பாத்துட்டுத்தான் விட்டேன். நல்ல நாளும் அதுவுமா இதையா கொண்டாந்தீங்க மாப்ள?"

குங்குமப்பூ! என் மாமியாரேதான்! வாயை மூடிக்கொண்டிருந்தால், மாமனாரின் கல்யாணத்துக்கே கோடி கொண்டுவந்த மருமகன் ஆவேன். திறந்தாலோ பொய்யன். மாலதியின் கண் கலங்குவதைப் பார்த்ததும் திறந்துவிட்டேன்.

"அத்தை, அது கோடி இல்ல. சும்மா எழுதுனது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதுனது நான்தான்."

மண்டபமே என்னைப் பார்த்தது. முதலில் சிரித்தவர் மாமனார். கழுத்து மாலையிலிருந்து பூ உதிர உதிரச் சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. அங்கிருந்தபடியே, புடவையை விற்ற பெண்மணிக்கு ஃபோன் போட்டு, ஆங்கிலத்தில் துருவித் துருவி விசாரித்தார். அது அந்தப் பெண்மணியின் அம்மா சிராங்கூன் ரோட்டுப் புடவைக் கடையில் ஆசைப்பட்டு வாங்கி, கட்டத் தெரியாமல் பீரோவில் வைத்திருந்ததாம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு மாமியார் அதைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தார். என்னிடம் மட்டும் பேசவில்லை.

இப்போது பேசுகிறார். ஆனால் அந்த வீட்டில் நான் எதையும் குறை சொல்ல முடியாது. போன வாரம் மீன் தலைக் கறியைப் பார்த்து, "முள்ளு ஜாஸ்தி போலிருக்கே அத்தை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே சட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு மற்றவர்களிடம் சொன்னார்:

"யாரும் தொடாதீங்க. மாப்ளைக்கு அது வேணுமாம்லா."