காலி வாளி

பச்சை வாளியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார் புவனேஸ்வரன். ஒரு பருக்கைகூட விழவில்லை.

"ஜெகா, ஒரு வெங்காயத் தோலாவது கிடைக்காதா?"

"செடிக்குப் போட்டுட்டேன்."

"மீன் தலை?"

"குழம்புல கிடக்கு."

"பழைய சோறு?"

"காலையில நீங்க வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டுக் குடிச்சீங்களே, அது என்னவாம்?"

கெலுகோர் அடுக்குமாடிகளில் வீட்டு உணவுக் கழிவை வாரத்துக்கு ஒருமுறை தனியாகச் சேகரித்து உரமாக்கப் போவதாக மாநகர் மன்றம் அறிவித்திருந்தது. வீட்டுக்கு ஒரு பச்சை வாளி. சனிக்கிழமை காலை லோரி வரும். புவனேஸ்வரன் குடியிருந்த புளோக்குக்கு அவரையே பிரதிநிதியாகப் போட்டிருந்தார்கள். விளக்கக் கூட்டத்தில் மைக் கைக்கு வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "முதல் வாளி என் வீட்டு வாளியாத்தான் இருக்கும்! அதுவும் நிரம்பி வழியும்!" என்று முழங்கிவிட்டார். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. அதைப் படம் பிடிக்க ஆளையே அனுப்புவதாக மன்றமும் சொல்லிவிட்டது.

முழங்கிய நேரத்தில் மனைவி ஜெகதீஸ்வரியை அவர் மறந்து போனதுதான் வினை. அவள் அடுப்படியில் வீண் என்று ஒரு பொருள் கிடையாது. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும். மீந்த துவையல் மறுநாள் தோசை மாவில் கரைந்துவிடும்.

"ஒரு நாளைக்குக் கொஞ்சம் கூட ஆக்கிக் கொட்டேன்லா," என்று கெஞ்சினார்.

"கொட்டுறதுக்குன்னு ஆக்கணுமா? உங்களத்தான் அந்தக் குப்பைத் தோங்குல தூக்கிப் போடணும்!"

வேறு வழியில்லை. எதிர்வீட்டு ஹாஜராவுக்கு நாலு பிள்ளைகள்; தட்டில் மிச்சம் வைக்காத பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் வாளியோடு போய் நின்றால் பிரதிநிதியின் வாளி காலி என்று ஊருக்கே தெரிந்துவிடுமே? வெறுங்கையோடு போய்க் கதவைத் தட்டினார்.

வெங்காயம் நறுக்கிய கத்தியோடு வந்தாள் ஹாஜரா.

"தங்கச்சி... வந்து... மிச்சம் மீதி சாப்பாடு ஏதாச்சும் இருக்காம்மா?"

"இதுக்குப் போயி நீங்களே வரணுமாண்ணே? ஒரு வார்த்தை சொன்னா அனுப்பிட மாட்டேனா?"

உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து நீட்டினாள். "டப்பா திரும்ப வேணாம்ணே. கூச்சப்படாதீங்க, தினமும் தரேன்." கதவைச் சாத்தும்போதுதான் கவனித்தார், அவள் கண்கள் கலங்கியிருந்தன.

வீட்டுக்கு வந்து திறந்தால் பிரியாணி வாசம்!

"என்னன்னு கேட்டீங்க?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"மிச்சம் இருக்கான்னு... கொடுக்கும்போது அதுக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு."

அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "போச்சு. நமக்குச் சோத்துக்கு வழியில்லன்னு நெனச்சிருச்சு அந்தப் பொண்ணு. கண்ணு வேற கலங்குச்சுங்கிறீங்க!"

"சரி, வாளியிலயாவது போட்டுடவா?"

"மனசு எரங்கிக் கொடுத்த சோத்தையா? வைங்க தட்டுல!"

சாப்பிட்டார்கள். பிரியாணியில் கோழியைக் காணோம், எலும்புதான் இருந்தது. "பாருங்க, அதுங்களுக்கே பத்தாதப்பவும் கொடுத்திருக்குதுங்க," என்று ஜெகதீஸ்வரி மூக்கை உறிஞ்சினாள்.

இந்த அவப்பெயரைத் துடைத்தாக வேண்டும். மறுநாள் மாலை புவனேஸ்வரன் பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, கீழே இருந்த ஷேக் அலாவுதீன் கடையில் நாலு பேர் பார்க்க உட்கார்ந்து, ஆட்டுக்கறியோடு ரொட்டி சானாய் சாப்பிட்டார். கை கழுவியதும் ஷேக் ஒரு கனமான பையைக் கொண்டுவந்து கையில் திணித்தார்.

"இது என்ன பாய்?"

"ஹாஜரா சொன்னிச்சு. ஒங்களுக்குன்னு எடுத்து வச்சேன். நல்லா இறுக்கிக் கட்டிருக்கேன், லிஃப்டுல ஊத்திறாம கொண்டு போங்க."

லிஃப்டில் கைப்பேசியைத் திறந்தார். புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் ஹாஜரா எழுதியிருந்தாள்: "எல்லாரும் மறக்காம புவனேஸ்வரன் அண்ணே வீட்டுக்கு அனுப்பிடுங்க. பாவம், அவரு வீடு வீடா ஏறி இறங்க வேணாம்."

அன்றிலிருந்து அழைப்பு மணி ஓயவில்லை. வாசலில் டப்பா, பொட்டலம், கட்டிய பை. எதையும் ஜெகதீஸ்வரி கொட்டவிடவில்லை. "அன்னத்த அவமதிச்சா அடுத்த வேளைக்குக் கெடைக்காது," என்று பரிமாறிக்கொண்டே இருந்தாள். மீன் குழம்பில் புளி தூக்கலாக இருந்தது. சோறு கொஞ்சம் நசநசத்தது. "நம்ம கைப்பக்குவம் எல்லாருக்கும் வருமா?" என்று இருவரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

"இப்படியே விட்டா நாளைக்குத் துணிமணியும் வரும்," என்று ஜெகதீஸ்வரி ஒரு முடிவுக்கு வந்தாள். கழுத்து நிறைய நகையை மாட்டிக்கொண்டு, முந்திரி மிதக்கும் பாயசத்தை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்க் கொடுத்தாள். தாங்கள் வசதியாகத்தான் இருக்கிறோம் என்று இனியாவது புரியட்டும்!

மறுநாள் வந்த டப்பாக்களில் பாதிக்குமேல் பாயசம்.

"நம்ம பாயசம் மாதிரியே இருக்கே!" என்றார் புவனேஸ்வரன்.

"பின்னே? ஒரு வாய் சாப்பிட்டதும் கத்துக்கிட்டாங்க," என்றாள் பெருமையாக. "கொஞ்சம் புளிச்சிருச்சு. பால் சரியில்ல போல."

வெள்ளிக்கிழமை முழுவதும் வயிற்றுக்குள் மேளக் கச்சேரி. குளியலறைக் கதவின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். வாளி மட்டும் கழுவித் துடைத்தாற்போல் பளபளத்தது.

சனிக்கிழமை லோரி வந்தது. மன்றத்து ஊழியர் ஹைக்கல் கேமராவோடு இறங்கினார். புளோக்கே கீழே கூடி நின்றது. ஒருவர் கையிலும் வாளி இல்லை. அதைக் கவனிக்கும் தெம்பு புவனேஸ்வரனுக்கும் இல்லை.

"அபாங், முதல் வாளியைக் கொண்டு வாங்க!" என்று ஹைக்கல் மலாயில் உற்சாகமாகக் கூப்பிட்டார்.

புவனேஸ்வரன் காலி வாளியை எல்லோருக்கும் தெரியும்படி சாய்த்துக் காட்டினார். இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"எல்லாரும் என்னய மன்னிக்கணும். எங்க வீட்டுல கழிவுன்னு ஒண்ணு விழுகிறதே இல்ல. அத வெளிய சொல்ல வெக்கப்பட்டுத்தான் மிச்சம் கேட்டு வந்தேன். நாங்க சோத்துக்குக் கஷ்டப்படல. ஆனா நீங்க காட்டுன பாசம் இருக்கே..." ஜெகதீஸ்வரி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "நீங்க அனுப்புனதுல ஒரு பருக்கையக்கூட நாங்க வீணாக்கல. அத்தனையும் சாப்பிட்டோம்!"



வாயில் வைத்த கையை எடுக்காமலே ஹாஜரா கேட்டாள்:

"சாப்பிட்டீங்களா? ஐயோ அண்ணே, பிரதிநிதியாச்சே, லோரிக்குச் சேத்து வைக்கத்தான் கேக்குறீங்கன்னு இந்த புளோக்கோட கழிவை எல்லாம் கட்டிக் கட்டி உங்ககிட்ட அனுப்புனோமே!"