மெஷின் ஆட்டிய தலை

பிழைதிருத்துநருக்குக் கழுத்து திரும்பவில்லை. அச்சகத்தில் நாளெல்லாம் குனிந்து அடுத்தவர் தப்பைத் திருத்துகிற உத்தியோகம். யாராவது கூப்பிட்டால் நாற்காலியோடு சேர்ந்துதான் திரும்புவார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்காவின் முன்னால் உட்கார்ந்துவிடுவார். அம்மா போன பிறகு அவரை வளர்த்தவள் அவள்தான். இரண்டு கைகளின் ஓரத்தாலும் பிடரியில் படபடவென்று தட்டுவாள். வலி கொஞ்சம் ஒதுங்கும்.

போன வாரம் அவர் பெயருக்குக் கூரியரில் ஒரு மசாஜ் மெஷின் வந்தது. பார்க்கத் துப்பாக்கி மாதிரி இருக்கும். பொத்தானை அழுத்தினால் உருண்டை முனை டொகடொகவென்று குத்தும். மனைவி வாங்கியது என்று அவர் நினைத்தார். அச்சகத்தில் கொடுத்தது என்று மனைவி நினைத்தாள். இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் பல விஷயம் அப்படித்தான்.

மாசமாக இருந்த தங்கை வீடியோவில் கூப்பிட்டபோது மெஷின் அவர் பிடரியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவள் பேசியது ஒன்றும் காதில் விழவில்லை. தலை மட்டும் இரண்டு பக்கமும் சுகமாக ஆடியது.

"பார்த்தியாக்கா! அண்ணன் சரின்னுட்டான்!" என்று தங்கை திரையிலிருந்து, பக்கத்தில் இருந்த அக்காவிடம் கூவினாள்.

அக்கா எழுந்துபோய் அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கினாள்.

அவர் மெஷினை நிறுத்தினார். "எதுக்குப் பெட்டி?"

"பிரசவத்துக்கு அக்காவ அனுப்புறியான்னு உங்க தங்கச்சி கேட்டா. நீங்கதான் பூம்பூம் மாடு கணக்கா தலையாட்டுனீங்களே," என்றாள் மனைவி.

அக்கா இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. தொலைந்தால் போதும் என்று தம்பி தலையாட்டியதாக அவள் நினைத்திருந்தால்?

உடனே தங்கையை அழைத்தார். "தலைய நான் ஆட்டலைம்மா. மெஷின் ஆட்டுச்சு."

"மனசில்லைன்னா நேரா சொல்லுண்ணா. பாவம், மெஷின் மேல ஏன் பழி போடுற?" தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"நம்ப மாட்டியா? நல்லா பாரு!" என்று மெஷினைக் கழுத்தில் வைத்துக் காட்டினார். தலை ஆடியது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை திரைக்குள் வந்து என்னவோ கேட்டார். தலை அதற்கும் ஆடியது.

மெஷினை நிறுத்தியபோது மாப்பிள்ளை கும்பிட்டுக்கொண்டிருந்தார். "குழந்தை நடக்குற வரைக்கும் அக்கா இங்கயே இருக்கட்டும்னுட்டீங்களே மச்சான், பெரிய மனசு!"

இதில் கொடுமை, கழுத்து குணமாகிவிட்டது. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பியது. வேறு வழி தெரியாமல், அக்கா புறப்படும் நாள் காலையில் சோபாவில் சாய்ந்துகொண்டு முனகினார்.

"ஐயோ, அக்கா! அசைக்கவே முடியலையே!"

"மெஷின் வெச்சுப் பார்த்தியாடா?"

"அது சுத்த வேஸ்ட்டுக்கா. உன் கை மாதிரி வருமா?"

அக்கா பெட்டியைத் திறந்து புடவைகளை வெளியே எடுத்தாள். அடியில் குட்டிக் குட்டியாகக் கம்பளிக் குல்லாக்களும் காலுறைகளும் இருந்தன. எல்லாம் அவளே பின்னியவை. எப்போது பின்னினாள் என்று அவருக்குத் தெரியாது.

"இதெல்லாம் கூரியர்ல அனுப்பிடலாம். உன்ன இப்படி விட்டுட்டு நான் எப்படிடா போவேன்?"

அன்று சாயங்காலம் அக்கா வழக்கம்போல் தட்டினாள். வலியே இல்லாத கழுத்தில் ஒவ்வொரு தட்டும் வலித்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "ரொம்ப வலிக்குதாடா?" என்றாள் அக்கா. வாயை மூடிக்கொண்டார்.

மறுநாள் கூரியர்காரர் வாசலில் நின்றார். "மசாஜ் மெஷினத் திருப்பி எடுத்துட்டுப் போக வந்தேன் சார்."

"நாங்க யாரும் சொல்லலையே?"

"ஆர்டர் போட்ட அம்மா போன்ல சொன்னாங்க சார். 'தங்கச்சி வீட்டுக்குப் போறப்ப என் கைக்குப் பதிலா தம்பிக்கு இது இருக்கட்டும்னு வாங்கினேன், இப்ப நான்தான் போகலையே'ன்னாங்க."