அன்டெனா அங்கிளின் தக்காளி

வெள்ளவத்தையில் வானத்திலிருந்து தக்காளி இறக்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் அன்டெனா அங்கிள்தான். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தொடர்மாடியில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்த தபால்காரரும் மறந்துவிட்டார்.

மொட்டைமாடியில் அவருக்கு இருபது தக்காளிச் சட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு மூங்கில் குச்சி, அதைச் சுற்றிப் பழைய மின்விசிறிகளிலிருந்து உருவிய செம்புக் கம்பி.

"மேல எவ்வளவு கரண்ட் சும்மா போகுது தெரியுமோ தம்பி? அதைப் பிடிச்சுச் செடிக்குக் குடுக்கிறன்," என்பார். "ஆனா கம்பி கடல் பக்கம் பாக்கோணும். இரத்மலானை எயார்போட் பக்கம் திருப்பினா பிளேன் சத்தத்தைத்தான் இழுக்கும். செடி பயந்துபோயிடும்."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவருடைய தக்காளி சிவந்ததும் என் சிரிப்பு நின்றது. பக்கத்திலேயே என்னுடைய ஒற்றைத் தக்காளிச் செடி, பரீட்சையில் தவறிய பிள்ளைபோலத் தலைகுனிந்து நின்றது.

அங்கிள் பை நிறையக் கொண்டுவந்து தருவார். என் மனைவி குழம்பு வைத்துவிட்டு, "தக்காளி எண்டா இது தக்காளி! நீங்களும் வளக்கிறீங்களே ஒண்டு" என்பாள். பொறாமையில் எனக்குச் சோறு இறங்காது. கல்யாணமான நாள்முதல் என்னை அவள் ஒருதடவைகூட அப்படிப் புகழ்ந்ததில்லை. என் செடியில் ஒரேயொரு பழம் பழுத்து, அதை அவள் கையில் கொடுக்கவேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு இலட்சியமே இல்லாமல் போய்விட்டது.

முதலில் நாசவேலையில் இறங்கினேன். தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் அவருடைய கம்பிகளை இரத்மலானைப் பக்கம் திருப்பிவைத்தேன். செடிகள் பயப்படவில்லை, இன்னும் கொழுத்தன. கடைசியில் மானம் மரியாதையை விட்டு, அவருடைய கம்பியொன்றைப் பிடுங்கி என் சட்டியில் நட்டேன். அடையாளம் தெரியாமலிருக்க அதற்கு ஒரு பழைய சொக்ஸையும் மாட்டிவிட்டேன்.

இரண்டு கிழமையில் செடி நிமிர்ந்தது. பிறகு பூத்தது, காய்த்தது. முதல் பழத்தை மனைவியிடம் நீட்டினேன்.

"அங்கிள் தந்தவரோ?" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் செடியைக் காட்ட அவளை மொட்டைமாடிக்கு இழுத்துப்போனேன். அங்கே அங்கிள் என் சட்டிக்கு மீன் கழுவிய தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன அங்கிள் இது?"

"கம்பி காணாமப்போன அண்டைக்கே சொக்ஸைக் கண்டனான் தம்பி. என்ட கம்பி உங்கட சட்டியில வேலை செய்யேல்லை எண்டா என்ட பேர் என்னாகிறது? என்ட சட்டியளுக்கு ஊத்திறதுதான், உங்கடைக்கும் ஊத்தினனான்."

மனைவி சிரித்த சிரிப்பு, கீழே பஸ்கள் இரையும் காலி வீதிவரை கேட்டிருக்கும்.

போன வருடம் அங்கிள் மகளோடு இருக்க இரத்மலானைக்குப் போய்விட்டார். சட்டிகளை என்னிடம் விட்டுப்போனார். மீன் தண்ணீர் இப்போது நான்தான் ஊற்றுகிறேன். கம்பிகளை மட்டும் கழற்ற மனம் வரவில்லை. எல்லாவற்றையும் இரத்மலானைப் பக்கம் திருப்பிவைத்திருக்கிறேன். பிளேன் சத்தத்தோடு அவருடைய குரலும் கொஞ்சம் வந்துசேராதா என்றுதான்.