எலிக்கு எதில் சந்தோஷம்

"அடி வாங்குற எலிக்கு எதுக்கும்மா இவ்வளவு சந்தோஷம்?"

பேராசிரியர் கணினித் திரையை விரலால் தட்டினார். ஆய்வு மாணவி வேலையைப் போட்டுவிட்டுச் சட்டென்று எழுந்து நின்றாள்.

எலியின் மூளையிலுள்ள டோபமைன் நரம்பணுக்களின் போக்கைத் திரையில் ஒரு கோடு காட்டிக்கொண்டிருந்தது. நல்லது நடந்தால் ஏறும். பிடிக்காதது நடந்தால் இறங்கும். பொத்தானை அழுத்தி எலியின் மூஞ்சியில் குழாய் வழியாகக் காற்றடித்து அந்த இறக்கத்தை அளப்பதுதான் அவளுடைய ஐந்து வருடப் பிழைப்பு. கோடு இறங்கத்தான் செய்தது. ஆனால் நடுவில் ஓரிடத்தில், பதவி உயர்வு வந்தவன் முகம் மாதிரி ஜிவ்வென்று ஏறியிருந்தது.

"தெரியலை சார்."

"இதைச் சொல்றதுக்கா அஞ்சு வருஷம்? வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா பட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், வீட்டுக்குக் கிளம்பு."

அவர் போனதும் காற்றின் வேகத்தைக் கூட்டினாள். மறுநாள் ஏற்றம் இன்னும் உயரமானது. பேராசிரியர் வந்து கத்தினார்.

எலி மூளையிலிருந்து திரைக்கு வரும் கம்பியில் கோளாறோ என்று அதை மாற்றினாள். ஏற்றம் இரண்டானது. பேராசிரியர் இரண்டு முறை வந்து கத்தினார்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை அடித்த காற்றை அரை நிமிடத்துக்கு ஒரு தடவை அடித்தாள். நாலு ஏற்றம்.

"இதென்ன எலியா, சாமியாரா?" என்று குதித்தார் பேராசிரியர்.

அன்று சாயங்காலம் அவள் கூண்டருகே குனிந்தாள். "இந்தக் கட்டடத்துல எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்தன்தான்டா. நீயும் காலை வாரிடாதே."

எலி அவளைப் பார்த்ததும் மூலைக்கு ஓடியது.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் முக்கால் மணி நேரம் நின்று திட்டினார். அவள் புத்தியில் தொடங்கி, அவளைப் படிக்க வைத்தவர்கள் வரை போய்த் திரும்பினார். அவள் தலையைக் குனிந்தபடி நின்றாள். கோடு திரையின் உச்சியைத் தொட்டுக்கொண்டு அங்கேயே நின்றது. "திங்கட்கிழமை இங்கே உன் முகத்தைப் பார்க்கக் கூடாது" என்று கதவை அறைந்துவிட்டுப் போனார்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கூண்டு கழுவும் அக்கா வாளியோடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எங்கேக்கா தப்பு பண்ணினேன்? அதுக்கு அப்படி என்னதான் சந்தோஷம்?"

அக்கா வாளியைக் கீழே வைத்தாள்.

"அவர் உன்னைத் திட்டுற வரைக்கும்தானே பாப்பா, நீ அது மூஞ்சியில காத்தடிக்காம இருக்கே?"