காருக்குள் படித்த இங்கிலீஷ்

ஜெயபாலன் முடிவு பண்ணிவிட்டான். இந்தத் தீபாவளி லாபிஸில், அண்ணன் வீட்டில்தான். தலைகீழாக நின்றாலும் சரி.

வருஷா வருஷம் எங்கே போவது என்று அவன் யோசிக்கத் தொடங்குவதற்குள் முடிவாகிவிடும். முடிவெடுப்பது அவன் மனைவி சந்திரமதியும், சிங்கப்பூரில் இருக்கும் அவள் தங்கை லோஷினியும். போனில். இங்கிலீஷில். மலேசியாவில், பெக்கான் நானாஸ் அன்னாசித் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஜெயபாலனுக்குத் தமிழும் மலாயும் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் என்றால் மட்டும் காது அடைத்துக்கொள்ளும். அதுவும் கிளினிக் கவுண்டரில் வேலை செய்கிற சந்திரமதி பேசுகிற வேகத்தில் 'தீபாவளி' ஒன்றுதான் பிடிபடும்.

ஆகவே அவர்கள் பேச்சைப் பிடிக்க, ரகசியமாகப் போனில் வீடியோ பாடம். வேலைக்குப் போகிற பெரியவர்களுக்கென்றே எடுத்தது. சிவப்புச் சட்டை போட்ட வெள்ளைக்கார டீச்சர் ஆபீஸ், மீட்டிங், கஸ்டமர் என்று குட்டிக் குட்டி நாடகம் போட்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிறுத்திச் சொல்வாள். கடைசியில் சிரித்துக்கொண்டே, "ரிபீட் ஆஃப்டர் மீ." சாயங்காலமானால் ஜெயபாலன் வாளியோடு போய்க் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு ரிபீட் பண்ணுவான்.

"என்னங்க, தினமும் காரக் கழுவுறீங்களே, பெயின்ட் போயிறாது?"

"அழுக்குலா. கம்பெனி ரோடு முழுக்கச் சேறு."

"காருக்குள்ளயுமா?"

"உள்ளதான் ரொம்ப."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அப்பாவி என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்திரமதி கீரை ஆய்ந்தபடி தங்கையோடு ஸ்பீக்கரில் பேசினாள். ஜெயபாலன் பேப்பருக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டான்.

"மாமா... இஸ் கமிங்... டு லாபிஸ்."

"வித்... ஹிஸ்... கரவோக்கே?"

"யெஸ். லாபிஸ் பிரதர்... இஸ் வெரி ஹேப்பி."

ஒரு வார்த்தை தப்பவில்லை. இங்கிலீஷ் இவ்வளவு சுலபமா என்று அவனுக்குப் புல்லரித்தது. அப்புறம்தான் விஷயம் உறைத்தது.

மாமா என்றால் பொந்தியான் ஊர்க்காரர் அர்ச்சுனன், சந்திரமதியின் தாய்மாமன். மைக் கையில் இல்லாதவரை மனுஷன் தங்கம். மைக் வந்தால் விடிய விடியப் பாட்டு. ரெண்டாவது மைக் எப்போதும் மாப்பிள்ளை ஜெயபாலனுக்கு. போன பொங்கலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கும்பிட்டுக் கேட்டுக்கொண்ட பிறகும் பாடினார்.

அண்ணன் வீட்டை விடுவது ஜெயபாலனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. இருந்தாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டான்.

"சந்திரா, தீபாவளிக்கு லோஷினி வீட்டுக்கே போலாம்."

"லாபிஸ் போகணும்னு ஆசப்பட்டீங்களே. உங்கண்ணன் என்ன நெனைப்பாரு?"

"நான் முடிவு பண்ணிட்டேன். மறுபேச்சு இல்ல."

"உங்க இஷ்டங்க," என்றாள் அவள், தலையைக் குனிந்துகொண்டு.

கல்யாணமாகி முதல் தடவையாக அவன் வைத்தது சட்டம். தீபாவளிக்கு முதல் நாள், சிங்கப்பூருக்குப் போகிற ஜொகூர் பாலத்து நெரிசலில் ஊர்ந்தபோதுகூட விசிலடித்துக்கொண்டே ஓட்டினான்.

லோஷினி வீட்டுக் கதவு திறந்தது. வாசலில் அர்ச்சுனன் மாமா. ரெண்டு கையிலும் மைக்.

"வாங்க மாப்பிள்ள. இங்கதான் வரணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்களாமே."

ஜெயபாலன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"போனுக்கும் டிவிக்கும் ஒரே அக்கவுண்டுதானே, நீங்க போன்ல பாக்கற பாடமெல்லாம் நம்ம வீட்டு டிவில வரிசையா வந்து நிக்குதுங்க," என்றாள் சந்திரமதி. "நாங்களும் பாத்தோம். நிறுத்தி நிறுத்தி, நல்லாத்தான் சொல்லிக் குடுக்கறாங்க."

மாமா ஒரு மைக்கை அவன் கையில் திணித்தார். பின்னாலிருந்து லோஷினி, சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

"அத்தான்... ரிபீட்... ஆஃப்டர்... மாமா."